நெல்வயல் வானுக்குக் கொடுக்கும் நீர்

ஜொகூர் மாநிலம் நெல்லுக்குப் பேர்போனதன்று. ரப்பரும் செம்பனையும் அன்னாசியுமே அதன் செல்வம். தங்காக், மூவார்ப் பகுதிகளிலும், கிழக்கே எண்டாவ் ஆற்றை ஒட்டியும் ஓரளவு வயல்கள் உண்டு, அவ்வளவே. அம்மாநிலத்தின் மேற்குக் கரைச் சதுப்பு நிலங்களில் வடிகால், நீர்ப்பாசன இலாகா ஆண்டாண்டாகச் செய்துவந்த வேலை பெரும்பாலும் நீரைக் கொண்டுவந்து பாய்ச்சுவதன்று. கால்வாய் வெட்டி, கடலோரம் கரை கட்டி, மதகு வைத்து, நீரை வெளியேற்றுவதுதான். அத்தகைய மாநிலத்தில், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த துக்கிமாட், ஹாருன், ஷாஹித் என்னும் மூவர் 2012ஆம் ஆண்டில் நெல்வயலின் நீரைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த வயல் ஜொகூரில் இல்லை. தீபகற்பத்தின் மறுகோடியில், கெடா மாநிலத்து மூடா பாசனத் திட்டத்தில் இருந்தது. வயலிலிருந்து காற்றில் கலந்து மறையும் நீரை ஒருசில அளவைகளை மட்டும் கொண்டு கணக்கிட முடியுமா, முடியுமெனில் வெப்பமானியை நம்புவதா வெயிலை நம்புவதா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

கேட்பதற்குச் சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் அதன் பின்னே முந்நூறு ஆண்டு விஞ்ஞான வரலாறு இருக்கிறது. கெடாவின் உழவர் குடும்பங்கள் ஒரு போகத்தையே இழந்து நின்ற கதையும் இருக்கிறது.

வயலில் கட்டிய நீர் மூன்று வழியாகப் போகும். வரப்பு உடைந்தோ மடை திறந்தோ வழிந்து ஓடுவது ஒன்று. நிலத்துக்குள் கசிந்து இறங்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் உழவன் நன்கு அறிவான். வரப்பிலுள்ள நண்டு வளைகளை மிதித்து அடைப்பதும், தொழி கலக்கிச் சேற்றை அடியில் படியவைப்பதும் இவற்றைத் தடுப்பதற்கே. மூன்றாவது வழிக்கு அடைப்பு இல்லை. தேங்கிய நீரின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகவும், நெற்பயிரின் இலைத்துளைகள் வழியே நீராவியாகவும் நீர் மேலே சென்றுவிடுகிறது. நாற்று நட்ட புதிதில் முன்னது மிகுதி. பயிர் தழைத்து நீரை மூடியபின் பின்னது மிகுதி. இரண்டையும் தனித்தனியே பிரித்தளப்பது கடினமாதலின் ஆராய்ச்சியாளர் சேர்த்தே எண்ணுவர். அக்கூட்டுத் தொகையை இங்கே ஆவி இழப்பு என்று வழங்குவோம்.

இழப்பு என்ற சொல்லே முற்றும் பொருந்துவதன்று. கரியமில வாயு இலைக்குள் நுழையும் அதே துளை வழியாகத்தான் நீர் வெளியேறுகிறது. அத்துளை மூடினால் பயிருக்கு உணவில்லை. ஆயினும், அணையில் நீரைத் தேக்கிவைத்து ஒவ்வொரு அங்குலத்துக்கும் கணக்குப் பார்ப்பவனுக்கு அது செலவுதான்.

மலாயாவில் இந்தக் கணக்கின் தேவை வெகுகாலம் உணரப்படவில்லை. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் கெடா, நெடுநாளைய நெல்நாடு. 1885இல் அந்நாட்டு முதன்மந்திரி வான் முகமது சாமான், அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடியிலுள்ள குருன் வரை ஒரு நீண்ட கால்வாயை வெட்டத் தொடங்கினார். நேர்க்கோடு பிடிப்பதற்கு இரவில் தீப்பந்தங்களை நட்டுப் பார்த்தனர் என்பது செவிவழிச் செய்தி. பேராவில் பிரிட்டிஷார் கட்டிய கிரியான் பாசனத் திட்டம் 1906இல் முடிந்தது. இவையிருந்தும் நாட்டின் அரிசி பெரும்பாலும் கப்பலில்தான் வந்தது. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் உண்டது பர்மா அரிசியும் சயாம் அரிசியும். முதல் உலகப் போரின் இறுதியில் அவ்வரவு சுருங்கியபோது அரசாங்கம் அரிசியை அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றுக் கோடிக்கணக்கான வெள்ளியை இழந்தது. அந்த அடியும், அடுத்து வந்த பொருளாதார மந்தமும் சேர்ந்தே 1932இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா தோன்றக் காரணமாயின. ஜப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசி அடியோடு நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. 1943இல் சிங்கப்பூர்ச் சீனர்களை ஜொகூரின் எண்டாவுக்கு அனுப்பிக் காட்டை அழித்து உணவு விளைவிக்கச் செய்ததும் அக்காலத்து நிகழ்ச்சியே.

அந்நாளைய எஞ்சினீயர்கள் நீரைக் கணக்கிடாமல் இல்லை. அவர்கள் கையிலிருந்த அளவு இந்தியாவின் ஆற்றுப் பாசனங்களில் பிறந்தது. வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஓடும் நீர் எத்தனை ஏக்கர் பயிருக்குப் போதும் என்பதே அது. 'டியூட்டி' என்பது அதன் பெயர். கால்வாயின் கசிவு, வயலின் கசிவு, வானுக்குப் போவது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய எண் அது. பருவமழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் விளைவித்த வரையில் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டிய அவசியம் எழவில்லை. கணக்கிலே ஏற்பட்ட பிழையை மழை வந்து நிரப்பிவிடும். மழையில்லாப் பருவத்தில் இரண்டாம் போகம் நடவேண்டும் என்று முடிவுசெய்த அன்றே மூட்டையை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

அவிழ்க்கும் வித்தை ஐரோப்பாவில் முன்பே தொடங்கியிருந்தது. வால்நட்சத்திரத்தால் பெயர்பெற்ற எட்மண்டு ஹாலி 1687இல் உப்பிட்ட நீர்ப் பாத்திரம் ஒன்றைத் தராசில் தொங்கவிட்டு, கோடை வெப்பத்துக்குச் சூடாக்கி, எடை குறைவதைக் குறித்தார். அதைக்கொண்டு மத்தியதரைக் கடல் ஒரு நாளில் வானுக்குக் கொடுக்கும் நீரைக் கணக்கிட்டார். ஆறுகள் கொண்டுவருவதைவிட அது மிகுதி என்று கண்டார். நூறாண்டு கழித்து மான்செஸ்டரில் ஜான் டால்ட்டன், தம் நண்பர் தாமஸ் ஹாயிலுடன் சேர்ந்து, மூன்றடி ஆழமுள்ள தகர உருளையில் கல்லும் மணலும் மண்ணும் நிரப்பி நிலத்தில் புதைத்தார். உள்ளே விழுந்த மழையையும் கீழே வடிந்த நீரையும் அளந்து, மீதி வானுக்குப் போனது என்று கொண்டார். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ, எவ்வளவு வேகமாக வீசுகிறதோ, அதற்கேற்ப ஆவியாதல் மிகும் என்ற விதியை அவர் 1802இல் வெளியிட்டார். அணுக் கொள்கையின் புகழில் இந்த உருளையைப் பலர் மறந்துவிட்டனர். ஆனால் பாசன ஆராய்ச்சியில் பிறகு வந்த தொட்டிகள் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே.

டால்ட்டனின் விதியில் காற்றின் தாகம் இருந்தது, சூரியன் இல்லை. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.45 மெகாஜூல் சக்தி வேண்டும். வயலில் ஒரு மில்லிமீட்டர் உயரத்து நீர் மறைந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு லிட்டர் போயிற்று என்று பொருள். நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் போக வேண்டுமானால் பன்னிரண்டு மெகாஜூலுக்குமேல் சக்தி எங்கிருந்தாவது வர வேண்டும். வருவது வெயிலிலிருந்து. இந்த இரண்டையும், அதாவது காற்றின் தாகத்தையும் சூரியனின் கொடையையும், ஒரே சமன்பாட்டில் பிணைத்தவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஹோவர்டு பென்மன். அவருடைய கட்டுரை 1948இல் வெளிவந்தது. வெயில் நேரம், வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம் என்னும் நான்கும் தெரிந்தால் திறந்த நீர்ப்பரப்பின் ஆவியாதலைச் சொல்லிவிடலாம் என்றார் அவர். தென் இங்கிலாந்தின் புல்தரை அதில் குளிர்காலத்தில் பத்தில் ஆறு பங்கும் கோடையில் எட்டுப் பங்கும் இழப்பதையும் கண்டறிந்தார். 1965இல் ஜான் மான்டீத், இலைத்துளைகள் நீருக்குக் காட்டும் தடையையும் சமன்பாட்டில் சேர்த்தார். பிற்காலத்தில் அவர் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலும் சில ஆண்டுகள் பணியாற்றினார். பென்மன்–மான்டீத் என்று இன்று வழங்கும் இம்முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1998இல் உலகப் பொது அளவாக வகுத்து வெளியிட்டது. பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கற்பனைப் புல்தரை எவ்வளவு இழக்கும் என்று முதலில் கண்டு, நெல்லுக்கு அதைத் தொடக்கத்தில் 1.05 ஆலும், பயிர் முழுதும் தழைத்த பருவத்தில் 1.20 ஆலும் பெருக்கிக்கொள்வது அதன் வழக்கம்.

முறை சிறந்ததுதான். ஆனால் நான்கு கருவிகளும், அவற்றைத் தவறாமல் படித்துக் குறிக்க ஆளும் வேண்டும். 1948ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வாரன் தார்ன்த்வெயிட் வேறொரு வழியைச் சொன்னார். வெப்பநிலையும் பகற்பொழுதின் நீளமும் போதும் என்பது அவர் கட்சி. வெப்பமானி எங்கும் இருக்கிறது. ஆதலின் அவருடைய சூத்திரம் உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கென்று பிளேனி, கிரிடில் என்னும் இருவர் 1950இல் வெளியிட்ட முறையும் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டதே.

அமெரிக்காவின் உட்பகுதியில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் மாதச் சராசரி வெப்பநிலை இருபது பாகைக்குமேல் வேறுபடும். அங்கே வெயில் ஏறும்போது வெப்பமும் ஏறுகிறது. ஆகையால் வெப்பமானி வெயிலுக்குப் பிரதிநிதியாக நிற்க முடியும். மலாயாவின் தாழ்நிலத்தில் அந்தப் பிரதிநிதி ஊமை. கெடாவில் மாதச் சராசரிகள் இரண்டு மூன்று பாகைக்குமேல் ஏறி இறங்குவதில்லை. ஜொகூரில் வேறுபாடு இன்னும் குறைவு. நவம்பரில் மேகம் மூடி மழை கொட்டும்போதும், பிப்ரவரியில் வானம் வெளுத்து வடகிழக்கு வறண்ட காற்று வீசும்போதும் வெப்பமானி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். வயலோ அவ்விரு மாதங்களிலும் ஒரே அளவாக நீரை இழப்பதில்லை. இதிலும் வேடிக்கை என்னவென்றால், தார்ன்த்வெயிட்டின் சூத்திரம் 26.5 பாகையோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்ட வெப்பத்துக்கு அவர் தனி அட்டவணை ஒன்றைத் தந்திருந்தார், 26.5 பாகைக்கு நாளொன்றுக்கு நாலரை மில்லிமீட்டர், பிறகு மெல்ல மெல்ல ஏறி ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மலாயாத் தாழ்நிலத்தின் மாதச் சராசரிகள் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கின்றன. சூத்திரம் முடிகிற இடத்தில் மலாயா தொடங்குகிறது எனலாம்.

மலாயாவின் ஆவியாதலையும் நீர்ச் சமநிலையையும் பற்றிப் புவியியலறிஞர் நியூவோல்ட் 1965இல் எழுதினார். அவ்வாண்டிலேயே உலக வங்கி மூடா திட்டத்துக்கு 4 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர் கடன் வழங்கியது. மூடா, பெடு என்னும் இரண்டு அணைகள் எழுந்தன. மூடா ஆற்றில் வரும் நீர் மிகுதி, தேக்க இடம் குறைவு. பெடுவில் இடம் மிகுதி, வரும் நீர் குறைவு. ஆகையால் மலையைக் குடைந்து ஆறரை கிலோமீட்டருக்குமேல் நீளமுள்ள சுரங்கவழி அமைத்து, மூடாவின் நீரைப் பெடுவில் கொண்டுபோய்ச் சேர்த்தனர். 1970இல் முதன்முதலாக இரண்டாம் போகத்துக்கு நீர் திறக்கப்பட்டது. கெடாவிலும் பெர்லிஸிலுமாக ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் வயல் இதன் கீழ் வந்தது.

இத்தகைய இருபோகத் திட்டங்களுக்கு வேண்டிய நீரை ஆராய்ந்த வான் டி கூர், ஸெயில்ஸ்ட்ரா என்னும் டச்சுக்காரர் இருவர் 1968இல் ஒரு நூலை வெளியிட்டனர். அவர்கள் பிடித்த நுணுக்கம் பயிர்க்காலத்தைப் பற்றியதன்று; நடவுக்கு முன் காய்ந்த நிலத்தை ஊறவைக்கும் நாட்களைப் பற்றியது. வெடித்துக் கிடக்கும் வயலை நனைக்க நிறைய நீர் வேண்டும். கால்வாயில் நீர் குறைவாக வந்தால் ஊறவைக்கும் நாட்கள் நீளும். அந்நாட்களில் முன்பே நனைந்த வயல்கள் பயிரில்லாமலே வானுக்கு நீரை இறைத்துக்கொண்டிருக்கும். சிக்கனம் என்று மடையைச் சிறிதாகத் திறப்பவன் சில சமயம் மிகுதியாகவே செலவழிக்கிறான் என்பதை அவர்கள் சமன்பாடாகவே எழுதிக் காட்டினர். அச்சமன்பாடு மலேசியாவைத் தாண்டிப் பிற நெல்நாடுகளின் பாசனத் திட்டங்களிலும் புகுந்துவிட்டது.

ஆவி இழப்பில் ஒரு மில்லிமீட்டர் பிழை என்றால் என்ன? ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் பத்துக் கன மீட்டர். 96,000 ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம் கன மீட்டர். பயிர் நூறு நாள் நீரில் நின்றால் 9 கோடியே 60 லட்சம். மூடா அணையின் கொள்ளளவே ஏறத்தாழ 16 கோடி கன மீட்டர்தான். வெப்பமானியை நம்பிய சூத்திரம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அந்த அணையில் பாதிக்குமேல் காகிதத்திலேயே காணாமற் போய்விடும். அல்லது இல்லாத நீர் இருப்பதாகத் தோன்றும். பின்னதுதான் ஆபத்து.

மூடா வயல்களுக்குச் சேரும் நீரில் பாதி நேராகப் பெய்யும் மழை. அணைகள் கொடுப்பது அதற்கு அடுத்த பங்கு. மழை பொய்த்து அணைகள் வற்றியதால் 1978இல் இரண்டாம் போகம் அடியோடு நிறுத்தப்பட்டது. இரண்டு போகத்தை நம்பிக் கடனும் குத்தகையும் பேசியிருந்தவர்கள் ஒரு போகத்தோடு நின்றனர். நடவுக் கூலியை நம்பியவர்களுக்கு அப்பருவத்தில் வேலையே இல்லை. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் மூடா சமவெளிக் கிராமம் ஒன்றில் தங்கத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். ஏழை உழவர்களைப் பற்றி அவர் 1985இல் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. மழை பொய்த்தது கணக்கின் குற்றமன்று. ஆனால் இருக்கிற நீரைக்கொண்டு எத்தனை ஹெக்டேருக்கு, எந்த வாரத்தில், எவ்வளவு திறப்பது என்று முன்கூட்டியே சொல்லக் கணக்கைத் தவிர வேறு துணை இல்லை. திறந்த நீர் உடனே வயலைச் சேர்வதுமில்லை. ஆற்றிலும் கால்வாயிலும் நெடுந்தூரம் நடந்து வர வேண்டும்.

ஸ்கூடாயின் ஆராய்ச்சியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள பல்கலைக் கழகம், கோலாலம்பூரில் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து 1975இல் தற்போதைய பெயரைப் பெற்று, பிறகு ஜொகூரில் வேரூன்றியது. அந்த மூவரும் எளிய முறைகள் ஆறினை எடுத்துக்கொண்டனர். மூன்று வெப்பநிலையைச் சார்ந்தவை, மூன்று கதிர்வீச்சைச் சார்ந்தவை. கதிர்வீச்சு முறைகள் என்பன, நெதர்லாந்தில் மக்கிங்க் 1957இலும், பிரீஸ்ட்லி, டெய்லர் என்னும் இருவர் 1972இலும் தந்தவை போன்றவை. காற்றையும் ஈரத்தையும் பெரிதும் விட்டுவிட்டு, வெயிலின் சக்தியை முதலாக வைப்பவை. மூடாவின் வானிலைப் பதிவுகளைக் கொண்டு ஆறு முறைகளாலும் ஆவி இழப்பைக் கணக்கிட்டு, பென்மன்–மான்டீத் கணக்கோடு ஒப்பிட்டனர். வெயிலைக் கேட்ட முறைகளே அதற்கு அருகில் வந்தன. வெப்பமானியைக் கேட்டவை பின்தங்கின. வருங்காலத் தட்பவெப்பத்தை ஊகித்துக் கணக்கிட்டபோதும் அவ்வாறே முடிந்தது. உலகம் சூடேறுகிறது என்ற செய்தியைக் கேட்டவுடன் வெப்பநிலையை மட்டும் சூத்திரத்தில் போட்டு வருங்கால நீர்த் தேவையைச் சொல்லிவிடும் பழக்கம் பல நாடுகளில் இருப்பதால், இந்த இரண்டாவது முடிவு முதலாவதைவிட முக்கியமானது.

வெயிலை அளப்பது பெரிய காரியமுமன்று. காம்பெல், ஸ்டோக்ஸ் என்னும் இருவர் பெயரால் வழங்கும் கருவியில் ஒரு கண்ணாடிக் குண்டு உண்டு. சூரியன் நகர நகர அது அட்டையில் கருகிய கோடு ஒன்றை இழுக்கும். மேகம் மறைத்த நேரம் கோடு அறுந்திருக்கும். கோட்டின் நீளத்தை அளந்தால் வெயில் நேரம்; அதிலிருந்து கதிர்வீச்சைத் தோராயமாகப் பெறலாம்.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கூடாய் ஆராய்ச்சியில் ஒரு சூத்திரத்துக்கு நீதிபதியாக அமர்ந்தது மற்றொரு சூத்திரம். பென்மன்–மான்டீத் கணக்கே ஒரு மதிப்பீடுதான். கற்பனைப் புல்தரையிலிருந்து நெல்லுக்கு வரும் பெருக்கெண்ணிலும் பிழை புகலாம். 1980களில் மூடா உழவர்கள் நாற்று நடுவதைவிட்டு நேரடி விதைப்புக்குப் பெருவாரியாக மாறியபின் பயிர் வயலில் நிற்கும் நாட்களே மாறிவிட்டன. இறுதித் தீர்ப்பு வயலில்தான் கிடைக்கும். அதற்கு டால்ட்டனின் உருளையே மீண்டும் வர வேண்டும். மலேசியாவில் இண்டிகா நெல்லுக்கும் நீருக்குமுள்ள உறவை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி சுகிமோட்டோவின் நூல் 1971இல் வெளிவந்தது. நெல் ஆராய்ச்சியில் கையாளப்படும் தொட்டி முறை எளியது. வயலின் நடுவே இரண்டு தொட்டிகளைப் புதைத்து, உள்ளேயும் வெளியேயும் ஒரே நாளில் ஒரே நெல்லை நடுவார்கள். ஒன்றுக்கு அடிப்பகுதி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. அடியுள்ள தொட்டியில் நீர்மட்டம் குறைவது வானுக்குப் போனதால் மட்டுமே. அடியில்லாத் தொட்டியில் குறைவது வானுக்கும் மண்ணுக்குமாகப் போனது. இரண்டின் வித்தியாசம் கசிவு. காலையில் கொக்கி அளவுகோலால் மட்டத்தைப் படித்து, பக்கத்து மழைமானியில் விழுந்ததையும் கூட்டிக் கழித்தால் நாள் கணக்குத் தயார்.

தொட்டிக்குள் இருக்கும் பயிர் வெளியே உள்ளதைவிட உயரமாகவோ அடர்த்தியாகவோ வளர்ந்துவிட்டால் அளவு மிகையாகும். பெருமழை பெய்து தொட்டி வழிந்துவிட்டாலோ அன்றைய கணக்கு முழுவதும் வீண். கெடாவின் மழைக்காலத்தில் அத்தகைய நாட்கள் அடுத்தடுத்து வரும். அந்நாட்களுக்கு மீண்டும் சூத்திரத்தையே நாட வேண்டியிருக்கிறது.